முதுகுக்கு ஏற்ற மூட்டை

அமெரிக்காவின் கிழக்குப் பக்கம் அப்பலாச்சியன் டிரெயில் என்றொரு நடைபாதை இருக்கிறது. ஜார்ஜியா மாநிலத்தில் ஸ்பிரிங்கர் மலையில் தொடங்கி மெயின் மாநிலத்தில் கட்டாடின் மலையில் முடிகிறது. நீளம் சுமார் 3,500 கிலோமீட்டர். ஒரே மூச்சில் நடப்பவர்களுக்கு ஐந்து முதல் ஏழு மாதம் பிடிக்கும். தெற்கிலிருந்து கிளம்புகிறவர்கள் மூன்று நான்கு நாள் நடந்ததும், ஏறத்தாழ 50-வது கிலோமீட்டரில், நீல் கேப் என்ற கணவாய்க்கு வந்து சேர்வார்கள். அங்கே ஒரு பழைய கல் கட்டடம். பாதை அந்தக் கட்டடத்துக்கு நடுவிலேயே புகுந்து வெளியே போகிறது. கட்டடத்துக்குள் மலைநடைச் சாமான்கள் விற்கும் கடை.

அந்தக் கடை பெயர் வாங்கியது விற்பனையால் மட்டும் இல்லை. வருகிறவர்களின் பையைத் தரையில் கொட்டச் சொல்லி, ஒவ்வொரு சாமானாகக் கையில் எடுத்து "இது எதற்கு?" என்று கேட்பது அங்கே பல வருடப் பழக்கம். பதில் சொல்ல முடியாத சாமான்கள் எல்லாம் அட்டைப்பெட்டிக்குள் போய், தபாலில் வீட்டுக்குத் திரும்பிவிடும். சாமான் குறைந்தபின் பையே பெரிதாகிவிடும். சிலர் அங்கேயே வேறு பை வாங்குகிறார்கள். வேறு சிலர் பையோடு தாங்களும் வீட்டுக்குத் திரும்பிவிடுகிறார்கள். மாதக்கணக்கில் திட்டம் போட்டு, வேலையை விட்டு, சேமிப்பை எடுத்துக்கொண்டு வந்தவர்கள், 3,500-ல் 50-ஐக் கூடத் தாண்டாமல்!

கால் வலி, மழை, குளிர், தனிமை என்று திரும்புவதற்குக் காரணம் ஆயிரம் இருக்கலாம். ஆனால் முதல் மூன்று நாளில் ஒருவரை உடைத்துப் போடுகிற விஷயம் பெரும்பாலும் முதுகில்தான் இருக்கிறது. அதுவும் புதுப்பையாக, விலை உயர்ந்த பையாக இருக்கும்.

நீண்ட நடைக்குப் பை வாங்கக் கிளம்புகிறவர் கடையில் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை லிட்டர்?" 55, 65, 75, 85 என்று எண் எழுதி மாட்டியிருப்பார்கள். பைக், கார் வாங்கும்போது சி.சி. கேட்கிற அதே பழக்கம். பெரிய எண்ணுக்கும் சின்ன எண்ணுக்கும் விலை வித்தியாசம் அதிகம் இருக்காது. "இருக்கட்டுமே, இடம் இருந்தால் நல்லதுதானே" என்று 80 லிட்டர் பையோடு வீடு திரும்புவார். வீட்டில் அந்தப் பை காலியாக நின்றுகொண்டு அவரைப் பார்க்கும். அவரும் நிரப்புவார். இன்னொரு ஸ்வெட்டர், இன்னொரு பாத்திரம், "எதற்கும் இருக்கட்டும்" என்று ஒரு கத்தி. மாதச் சம்பளம் உயர்ந்தால் செலவும் தானாக உயர்வது போலத்தான் இதுவும். காலி இடத்தைக் காலியாகவே விட்டுவைக்க மனித மனதுக்குத் தெரியாது.

லிட்டர் என்பது இரண்டாவது கேள்விதான். முதல் கேள்வி, அந்தப் பை எடையை உடம்பில் எந்த இடத்தில் இறக்கி வைக்கிறது என்பது. இதைப் புரிந்துகொள்ள, பைக்குள் சட்டகம் எப்படி வந்தது என்ற கதைக்குப் போக வேண்டும். கொஞ்சம் பழைய கதை.

எவ்வளவு பழையது என்றால், 5,300 வருடம்! 1991-ல் ஆல்ப்ஸ் மலையில், ஆஸ்திரியா–இத்தாலி எல்லைக்குப் பக்கத்தில், பனிக்குள் உறைந்த ஒரு மனிதனின் உடல் கிடைத்தது. ஓட்சி என்று பெயர் வைத்தார்கள். அவனுடைய சாமான்களோடு U வடிவத்தில் வளைத்த ஒரு ஹேசல் மரக் கம்பும் லார்ச் மரப் பலகைகளும் கிடைத்தன. அது முதுகில் சுமை கட்டும் சட்டகமாக இருக்கும் என்பது ஆராய்ச்சியாளர்களின் கணிப்பு. ஆக, வெறும் துணி மூட்டையை முதுகில் போட்டால் சுமை கீழே தொய்ந்து முதுகைக் குத்தும், விறைப்பாக ஏதோ ஒன்று வேண்டும் என்பது அப்போதே மனிதனுக்குத் தெரிந்திருக்கிறது.

ஆனால் அந்த விறைப்பு எதற்கு என்பது முழுதாகப் பிடிபட 1950-கள் ஆயிற்று. கலிஃபோர்னியாவில் டிக் கெல்டி என்றொருவர். 1951-ல் சியரா நெவாடா மலையில் நண்பரோடு நடந்துகொண்டிருந்தபோது, மரச்சட்டகப் பையின் கீழ்க்கம்புகளின் நுனியைத் தன் ஜீன்ஸின் பின்பாக்கெட்டுக்குள் செருகிப் பார்த்தார்களாம். தோளில் இருந்த பாரம் சட்டென்று குறைந்துவிட்டது. பாரம் எங்கும் போகவில்லை. இடுப்புக்கு இறங்கியிருந்தது, அவ்வளவுதான். அடுத்த வருடமே அலுமினியக் குழாயை வளைத்துச் சட்டகம் செய்து விற்கத் தொடங்கினார் கெல்டி. அவர் சட்டகத்தைச் செய்ய, மனைவி நீனா வீட்டிலேயே துணியைத் தைத்தார். இன்றைக்கும் பெரிய பைகள் எல்லாம் செய்கிற வேலை அந்த ஜீன்ஸ் பாக்கெட் செய்த வேலைதான்.

கெல்டியின் சட்டகம் பைக்கு வெளியே, ஏணி மாதிரி தெரியும். நல்ல பாதையில் நிமிர்ந்து நடப்பவர்களுக்கு அது அருமையானது. முதுகுக்கும் பைக்கும் நடுவே காற்று ஓடும், வியர்வை காயும். பாறையில் தொற்றி ஏறுகிறவர்களுக்குத்தான் அது வம்பு. உடம்பு ஒரு பக்கம் சாய்ந்தால் பை அரை நொடி கழித்து அதே பக்கம் சாயும். அந்த அரை நொடி ஆளைக் கீழே தள்ளிவிடப் போதும். 1967-ல் கிரெக் லோ என்ற மலையேறி, சட்டகத்தை எடுத்துப் பைக்குள்ளேயே வைத்துத் தைத்தார். பை ஒல்லியாகி, முதுகோடு ஒட்டிக்கொண்டு, உடம்போடு சேர்ந்து அசைந்தது. உள்சட்டகப் பை என்று இப்போது கடைகளில் தொங்குவதெல்லாம் அந்த வழியில் வந்தவைதான். பெரும்பாலும் முதுகுப்பக்கம் ஒரு விறைப்பான பிளாஸ்டிக் தகடு இருக்கும். அதோடு ஒன்றோ இரண்டோ அலுமினியப் பட்டைகள், அல்லது சுற்றிலும் வளைத்த மெல்லிய கம்பி. சில பைகளில் அந்தப் பட்டையை உருவி எடுத்து, முதுகின் வளைவுக்கு ஏற்றபடி கையால் வளைத்துத் திரும்பச் செருகலாம்.

இதற்குக் கொடுக்கும் விலை, முதுகு வியர்வை. சில நிறுவனங்கள் முதுகுக்கு நேராக வலைத்துணியை இழுத்துக் கட்டி நடுவில் இடைவெளி விடுகின்றன. காற்று வரும், உண்மைதான். ஆனால் சுமை முதுகிலிருந்து இரண்டு மூன்று அங்குலம் பின்னால் தள்ளிப் போகும். பத்து கிலோவுக்கு அது ஒரு பொருட்டில்லை. இருபது கிலோவுக்கு நன்றாகவே தெரியும்.

இப்போது அளவு விஷயம். உயரமான ஆளுக்குப் பெரிய பை, குள்ளமான ஆளுக்குச் சின்னப் பை என்று நினைப்பது தப்பு. ஆறடி ஆளுக்கு நீண்ட கால்களும் குட்டையான முதுகும் இருக்கலாம். ஐந்தேகால் அடிப் பெண்ணுக்கு அதைவிட நீளமான முதுகு இருக்கலாம். பை உட்காருவது காலில் இல்லையே! அளக்க வேண்டியது முதுகின் நீளம் மட்டும்தான். தலையை முன்னால் குனிந்தால் கழுத்தும் தோளும் சேரும் இடத்தில் ஓர் எலும்பு முண்டு துருத்திக்கொண்டு கைக்குத் தட்டுப்படும். அது மேல் எல்லை. இரண்டு கைகளையும் இடுப்பில் வைத்து, கட்டைவிரல்கள் பின்பக்கம் வருகிற மாதிரி இடுப்பெலும்பின் மேல்விளிம்பை அழுத்திப் பிடித்தால், கட்டைவிரல்களுக்கு நடுவே போகும் நேர்கோடு கீழ் எல்லை. இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள தூரத்தை முதுகின் வளைவோடு ஒட்டினாற்போல் தையற்காரரின் டேப்பால் இன்னொருவர் அளக்க வேண்டும். தானே அளந்துகொள்ள முடியாது. பெரியவர்களுக்குப் பெரும்பாலும் 40-லிருந்து 55 சென்டிமீட்டருக்குள் ஏதோ ஓர் எண் வரும். அதுதான் பையின் சைஸ். ஸ்மால், மீடியம், லார்ஜ் எல்லாம் இந்த எண்ணுக்குத்தான். ஒரு நிறுவனத்தின் மீடியம் இன்னொரு நிறுவனத்தின் ஸ்மாலாக இருக்கும் என்பதால் எழுத்தை நம்பாமல் சென்டிமீட்டரை நம்புவது நல்லது.

இந்த எண் தப்பினால் மற்ற எதுவும் சரியாக வராது. பை நீளமாகிவிட்டால், இடுப்புப்பட்டையைச் சரியான இடத்தில் கட்டும்போது தோள்வார்கள் தோளுக்கு மேலே அந்தரத்தில் நிற்கும்; பை பின்னால் இழுக்கும். குட்டையாகிவிட்டால், தோள்வாரைச் சரி செய்தவுடன் இடுப்புப்பட்டை வயிற்றுக்கு ஏறிவிடும். எடை மறுபடியும் தோளுக்கு வந்துவிடும். கெல்டிக்கு முந்தைய காலத்துக்கே திரும்பிப் போன மாதிரி.

தோளுக்கு வந்தால் வெறும் வலிதானே என்று தோன்றலாம். எப்போதும் அப்படி இல்லை. கழுத்திலிருந்து கைக்குப் போகும் நரம்புக் கூட்டம் தோள்வார் அழுத்துகிற இடத்தை ஒட்டித்தான் போகிறது. பாரமான பையை நாள் முழுக்கத் தோளிலேயே சுமந்தவர்களுக்குக் கை மரத்துப் போவது, தோள்பட்டை எலும்பு பின்பக்கம் இறக்கை போலத் துருத்திக்கொள்வது, கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாமல் போவது எல்லாம் ராணுவ மருத்துவர்கள் நெடுநாளாகப் பார்த்து எழுதி வைத்திருக்கும் சங்கதிகள். சட்டகமும் இடுப்புப்பட்டையும் இல்லாத பைகளில்தான் இது அதிகம். பெரும்பாலும் சரியாகிவிடும், ஆனால் வாரக்கணக்கு, சில நேரம் மாதக்கணக்கு ஆகும். இடுப்புப்பட்டையிலும் வில்லங்கம் உண்டு. மிகவும் கீழேயோ மிகவும் இறுக்கமாகவோ கட்டினால் இடுப்பின் முன்பக்கம் ஒரு நரம்பு நசுங்கி வெளித்தொடை மரத்துப் போகும். தொடை மரத்தால் "நடந்த களைப்பு" என்று விட்டுவிடாமல் பட்டையைக் கொஞ்சம் இளக்கி, ஒரு விரல் மேலே ஏற்றிக் கட்டிப் பார்க்க வேண்டும்.

ஆகவே கடையில் காலிப் பையைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நிற்பதில் பிரயோஜனமே இல்லை. காலிப் பை எல்லாமே சுகமாகத்தான் இருக்கும். நல்ல கடைகளில் மணல் மூட்டையோ எடைப் பையோ வைத்திருப்பார்கள். 12, 15 கிலோவாவது உள்ளே போடச் சொல்ல வேண்டும். எல்லா வார்களையும் முழுதாக இளக்கிவிட்டுப் பையைப் போட வேண்டும். முதலில் இடுப்புப்பட்டை. அதன் பஞ்சுப் பகுதியின் நடுக்கோடு இடுப்பெலும்பின் மேல்விளிம்பில் உட்கார வேண்டும், பாதி மேலே பாதி கீழே. அதைக் கட்டியபின்தான் தோள்வாரை இழுக்க வேண்டும், அதுவும் தோளைத் தொடுகிற அளவுக்கு. தோளுக்கு மேலே, காதுப்பக்கம், பையின் உச்சியிலிருந்து வாருக்கு ஒரு சின்னப் பட்டை ஓடும். லோட் லிஃப்டர் என்பார்கள். அது ஏறத்தாழ 45 டிகிரி சாய்வில் மேல்நோக்கிப் போனால் முதுகு நீளம் பொருந்தியிருக்கிறது என்று அர்த்தம். கிடையாகப் படுத்திருந்தாலோ கீழ்நோக்கிச் சரிந்தாலோ பை குட்டை. கடைசியாக நெஞ்சுப்பட்டை. அதை இறுக்கி மூச்சு முட்ட வேண்டியதில்லை, தோள்வார் வெளியே வழுக்காமல் இருந்தால் போதும்.

இப்படிப் போட்டுக்கொண்டு கடைக்குள்ளேயே இருபது நிமிடம் நடக்க வேண்டும். மாடிப்படி இருந்தால் ஏறி இறங்க வேண்டும். விற்பனையாளர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். இருபது நிமிடத்துக்குப் பொறுமை இல்லாத கடையில் 300 டாலர் சாமான் வாங்க வேண்டிய அவசியம் என்ன? கடைசியில் ஒரு சின்னப் பரீட்சை. தோள்வாருக்கும் தோளுக்கும் நடுவே ஒரு விரல் விட்டுப் பார்க்க வேண்டும். சுலபமாக நுழைந்தால் பாரம் இடுப்பில் இருக்கிறது.

பெண்களுக்கென்று தனியாக வரும் பைகளை வெறும் நிற வேறுபாடு என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. அது சரியில்லை. தோள்வார்கள் நெருக்கமாக, மார்பை அழுத்தாதபடி வளைந்து வரும். இடுப்புப்பட்டையின் சாய்வும் வேறு. ஒல்லியான தோள் உள்ள ஆண்களுக்கும் சில நேரம் இதுதான் பொருந்துகிறது. வெட்கப்பட ஒன்றும் இல்லை, மலையில் யாரும் லேபிள் பார்ப்பதில்லை.

சரி, லிட்டருக்கு வருவோம். பெரிய பையே வேண்டாம் என்று சொல்லிவிட முடியுமா? முடியாது. கெல்டி நடந்த அதே சியரா நெவாடாவில் ஜான் மியூர் டிரெயில் இருக்கிறது. யோசெமிட்டி பள்ளத்தாக்கிலிருந்து 4,421 மீட்டர் உயரமுள்ள விட்னி சிகரம் வரை, சுமார் 340 கிலோமீட்டர். ஏறத்தாழ நடுப்பகுதியில், பாதைக்குக் கொஞ்சம் தள்ளி மியூர் டிரெயில் ராஞ்ச் என்றொரு இடம். நடப்பவர்கள் முன்கூட்டியே பிளாஸ்டிக் வாளியில் உணவை அடைத்து அங்கே அனுப்பி வைப்பது வழக்கம். அதைத் தாண்டிவிட்டால், விட்னி ஏறி மறுபக்கம் சாலைக்கு இறங்கும் வரை 170 கிலோமீட்டருக்கும் மேல் பாதையில் கடை கண்ணி எதுவும் கிடையாது. உணவு வேண்டுமென்றால் பாதையை விட்டு, ஒரு கணவாய் தாண்டி இறங்கிப் போய், மறுபடி ஏறி வர வேண்டும். நாளைக்கு 22 கிலோமீட்டர் வீதம் நடப்பவருக்கு எட்டு நாள் சாப்பாடு முதுகில் இருந்தாக வேண்டும்.

போதாததற்குக் கரடி. அந்தப் பாதையின் பெரும்பகுதியில் உணவைக் கரடி திறக்க முடியாத கெட்டியான டப்பாவில்தான் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. பரவலாகப் புழங்கும் பெரிய டப்பா ஒன்று 11.5 லிட்டர் கொள்ளளவு, காலியாகவே ஒரு கிலோவுக்கு மேல். துணியைப் போல அமுக்க முடியாது, மடக்க முடியாது. சாப்பாடு தீர்ந்தாலும் அது அதே இடத்தை அடைத்துக்கொண்டு முதுகில் வரும்!

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பை 2 கிலோ, கூடாரம் 1.5, ஸ்லீப்பிங் பேக் 1, பாய் 0.5, அடுப்பும் பாத்திரமும் 0.5, மாற்றுத்துணியும் மழைக்கோட்டும் 2, தண்ணீர் வடிகட்டி, மருந்து, டார்ச், வரைபடம் போன்ற சில்லறைகள் 1.5, கரடி டப்பா 1.2. கூட்டினால் 10.2 கிலோ. இது நிலையான எடை, கம்பெனிக் கணக்கில் வாடகை மாதிரி. நடந்தாலும் உட்கார்ந்தாலும் மாறாது. மாறும் எடை தனி. நாளைக்கு முக்கால் கிலோ வீதம் எட்டு நாளைக்கு 6 கிலோ உணவு, காஸ் 0.35, தண்ணீர் 2. மொத்தம் பதினெட்டரை கிலோ. 65 கிலோ எடையுள்ள ஆளுக்கு இது உடம்பு எடையில் 28 சதவீதம். நீண்ட நடைக்கு 20 சதவீதத்தைத் தாண்டாதே என்பது மலைநடைக்காரர்கள் மத்தியில் வழங்கும் பழைய விதி. அந்த விதி இங்கே முதல் நாளே உடைகிறது. சாப்பிடச் சாப்பிடத்தான் வழிக்கு வரும்.

இந்தச் சுமைக்குச் சட்டகம் இல்லாத லேசான பை சரிப்படாது. நல்ல உள்சட்டகம் வேண்டும், டப்பா உள்ளே போகிற அகலம் வேண்டும், 60 அல்லது 65 லிட்டர் வேண்டும். அதே மனிதர் மூன்று நாளுக்கு ஒரு முறை ஊருக்கு இறங்கிச் சாப்பாடு வாங்கக்கூடிய அப்பலாச்சியன் பாதைக்குப் போனால் 50 லிட்டரே தாராளம். பெரிய பை தேவைப்படுவது சாப்பாட்டுக்கும் குளிர்காலத் துணிக்கும் கரடி டப்பாவுக்கும்தான். மூன்றாவது ஜீன்ஸுக்கு இல்லை.

இதனால்தான் பையைக் கடைசியில் வாங்கச் சொல்கிறார்கள் அனுபவசாலிகள். கூடாரம், ஸ்லீப்பிங் பேக், டப்பா எல்லாவற்றையும் முதலில் சேர்த்துவிட்டு, ஓர் அட்டைப்பெட்டியில் அடுக்கி, பெட்டியின் நீள அகல உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் லிட்டர் வந்துவிடும். பள்ளிக்கூடக் கணக்குதான். ஆனால் கிட்டத்தட்ட எல்லோருமே பையைத்தான் முதலில் வாங்குகிறார்கள். பை வாங்கினால்தான் பயணம் உறுதியான மாதிரி இருக்கிறதோ என்னவோ.

"அப்படியானால் அந்தக் காலத்தில் யாரும் நடக்கவில்லையா?" என்று ஒரு கேள்வி வரும். நியாயமான கேள்விதான். 1955-ல் எம்மா கேட்வுட் என்ற 67 வயதுப் பாட்டி அப்பலாச்சியன் பாதை முழுவதையும் தனியாக நடந்து முடித்தார். கையால் தைத்த ஒரு டெனிம் துணிப்பையைத் தோளில் தொங்கவிட்டு, சாதாரண கேன்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு. கூடாரம் இல்லை, ஸ்லீப்பிங் பேக்கும் இல்லை. அவருக்குச் சட்டகம் எதற்கு? சுமையே இல்லையே. (அவர் விட்டுவந்தவற்றின் பட்டியலைப் படித்தால் நமக்குத் தூக்கம் வராது, அது வேறு விஷயம்.)

நேபாளத்துச் சுமைதூக்கிகள் இதற்கு நேர் எதிர்முனை. டோகோ என்னும் கூடையை முதுகில் வைத்து, நாம்லோ என்னும் பட்டையை நெற்றிக்கு மேல் உச்சந்தலையில் மாட்டிக்கொண்டு ஏறுகிறார்கள். தோள்வாரும் இல்லை, இடுப்புப்பட்டையும் இல்லை. நாம்சே சந்தைக்குச் சுமை கொண்டுபோகிறவர்களை எடைபோட்டுப் பார்த்து 2005-ல் 'சயின்ஸ்' இதழில் ஓர் ஆய்வு வந்தது. ஆண்கள் சராசரியாகத் தங்கள் உடல் எடையில் 93 சதவீதமும் பெண்கள் 66 சதவீதமும் சுமந்தார்கள். அதுவும் அந்தச் சுமைக்கு மற்றவர்களைவிடக் குறைவான சக்தியைச் செலவழித்து! 20 சதவீத விதி அவர்களுக்குச் சிரிப்பைத்தான் வரவழைக்கும். ஆனால் அது சின்ன வயதிலிருந்து பழகிய கழுத்து, பிழைப்புக்காகப் பழகிய கழுத்து. கல்லூரி லீவில் பத்து நாள் மலைக்குப் போகிறவர் அதைப் பார்த்துத் தன் பைக்குள் இன்னும் ஐந்து கிலோ சேர்ப்பது புத்திசாலித்தனம் ஆகாது.

விலையைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். அமெரிக்கக் கடைகளில் பெயர் பெற்ற நிறுவனங்களின் பெரிய உள்சட்டகப் பைகள் 200-லிருந்து 400 டாலர் வரை போகின்றன. பார்த்ததும் தலை சுற்றும். ஆனால் 300 டாலர் பை பத்து வருடம் உழைத்து, வருடத்துக்கு இருபது நாள் நடந்தால், நாளைக்கு ஒன்றரை டாலர் தேய்மானம். டீச் செலவு. பொருந்தாத 120 டாலர் பையை வாங்கி ஒரே பயணத்தில் பரணில் போட்டால் அதுதான் விலை உயர்ந்த பை. பழைய பை வாங்குவதும் தப்பில்லை. துணியில் கிழிசலை விட, இடுப்புப்பட்டையின் பஞ்சு செத்துப் போயிருக்கிறதா, உள்ளே பூசிய நீர்காப்புப் பூச்சு பிசுபிசுத்து உரிகிறதா, பக்கிள்கள் சரியாகக் கவ்வுகின்றனவா என்று பார்க்க வேண்டும். மற்றபடி பாக்கெட்டுகளின் எண்ணிக்கை, ஜிப்புகளின் எண்ணிக்கை, சைக்கிள் பம்பு மாட்ட ஒரு வளையம் போன்றவற்றுக்காக யாரும் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம். மழைக்கு வெளியுறை மட்டும் போதாது. முதுகுப்பக்கமாகத் தண்ணீர் இறங்கும். உள்ளே ஒரு கெட்டியான பிளாஸ்டிக் பையைப் போட்டு அதற்குள் சாமானை வைப்பது மலிவு, நம்பகமும் கூட.

ஆனால் இந்த விலைக் கணக்கில் ஒரு கண்ணி இருக்கிறது. பொருந்தாத பையை வாங்கிய பலர் அதை மாற்ற மாட்டார்கள். "இவ்வளவு கொடுத்து வாங்கிவிட்டோமே" என்று தோலுரிந்த இடுப்போடு அதையே சுமப்பார்கள். செலவழித்த பணம் செலவழிந்தாயிற்று; பையைச் சுமந்தாலும் திரும்பாது, சுமக்காவிட்டாலும் திரும்பாது. பி.காம். முதல் வருடப் பாடப் புத்தகத்திலேயே இது இருக்கிறது. ஆனாலும் புத்தகத்தைப் படித்தவர்களும் சேர்ந்துதான் சுமக்கிறார்கள்.

அடுக்கும் முறையில் உள்சட்டகப் பை கொஞ்சம் கறாரானது. ஸ்லீப்பிங் பேக் அடியில். கனமானது, அதாவது சாப்பாட்டு டப்பா, நடுவில், முதுகை ஒட்டி. துணிமணிகள் அதைச் சுற்றி, இண்டு இடுக்கில். அடிக்கடி எடுப்பவை மேலே. கனமானதை வெளிப்பக்கம் வைத்தால் பை பின்னால் இழுக்கும். உச்சியில் வைத்தால் பாறையில் தள்ளாடும். சட்டகம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் இதில் தவறினால் சரிசெய்து தராது.

வாங்கி வந்தபின் முதல் வேலை, வீட்டிலேயே ஐந்து கிலோ அரிசிப் பை இரண்டையும் தண்ணீர் பாட்டில்களையும் துண்டில் சுற்றி உள்ளே அடுக்கி, பதினைந்து கிலோவுக்குக் கொண்டுவந்து, மொட்டை மாடிக்கும் கீழ்த்தளத்துக்கும் ஒரு மணி நேரம் ஏறி இறங்குவது. பக்கத்து வீட்டுக்காரர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள். இரண்டாம் நாளும் அதே மாதிரி. இடுப்பெலும்பில் சிவந்திருக்கிறதா, தோளில் வார் பதிந்திருக்கிறதா, கை மரக்கிறதா என்று மூன்றாம் நாள் காலையில் பார்க்க வேண்டும். சிவப்பு இடுப்பில் லேசாக இருந்தால் பழகிவிடும். தோளில் ஆழமாகப் பதிந்திருந்தால், கைகூட மரத்திருந்தால், வாரையெல்லாம் மறுபடி சரிசெய்து இன்னொரு தடவை ஏறிப் பார்த்துவிட்டு, அதற்கும் சரிவராவிட்டால் பையைக் கடைக்கே திருப்பிக் கொண்டுபோய்விடலாம். பல கடைகள் அழுக்குப் படாத பையை மாற்றித் தருகின்றன. அதுவரை பில்லைத் தொலைக்காமல், விலைச்சீட்டை அறுக்காமல் வைத்திருக்க வேண்டும்.